பொங்கல் வீட்டில் புதிதாக வந்த நாய்: பூஜை அறை முதல் அடுப்படி வரை

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் கூட்டுக் குடும்பமாக இருக்கிறோம். மார்கழி பிறந்த வாரத்தில், தெருவில் அடிபட்டுக் கிடந்த ஒரு பெண் நாயை எடுத்து வந்து வைத்தியம் பார்த்தோம். இப்போது அது எங்களோடுதான் இருக்கிறது. வயது ஒன்று இருக்கலாம் என்றார்கள். எடை 12 கிலோ. நிறம் செவலை, பெயரும் செவலைதான். என் அத்தை வள்ளலார் வழியில் வந்தவர். வீட்டில் முட்டைகூடக் கிடையாது. காலை மாலை விளக்கேற்றிப் பூஜை செய்வார். நாய் வீட்டுக்குள் வருவது தீட்டு என்று சொல்கிறார், ஆனால் மதியம் தயிர்ச்சோறு பிசைந்து அதற்குப் போடுவதும் அவர்தான். பொங்கலுக்குப் பதினைந்து பேர் வருகிறார்கள். பூஜை அறை விஷயத்தை எப்படிச் சமாளிப்பது? பண்டிகைச் சாப்பாட்டில் எதைக் கொடுக்கலாம்? சைவச் சாப்பாடு அதற்குப் போதுமா? தைப்பூசத்துக்கு எல்லோரும் வடலூர் போகும்போது என்ன செய்வது?

பதில்:

நீங்கள் கேட்ட வரிசையிலேயே உங்கள் பயம் தெரிகிறது. முதலில் தீட்டு, பிறகு சாப்பாடு. கடலூரிலும் புதுச்சேரியிலுமாக நாய்களுக்கு வைத்தியம் பார்க்கிறவன் என்ற முறையில் நான் அந்த வரிசையை மாற்றிக்கொள்கிறேன். தை முதல் வாரத்தில் என்னிடம் தூக்கி வரப்படும் நாய்களில் அடிபட்டவை குறைவு. வாந்தியும் பேதியுமாக வருபவையே அதிகம். யாரும் அவற்றை வெறுக்கவில்லை. பெரியப்பா ஒரு வடை போட்டார், சித்தி ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கல் வைத்தார், பிள்ளைகள் ஆளுக்கொரு கரும்புத் துண்டு நீட்டினார்கள், அவ்வளவுதான். பண்டிகை வீட்டில் நாயைத் துரத்துகிற கையைவிட, அள்ளிக் கொடுக்கிற கையைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

சர்க்கரைப் பொங்கலை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசியும் பாசிப்பருப்பும் நாய்க்கு நல்லவை. வெல்லம் விஷமல்ல, தேவையும் அல்ல. பண்ணுருட்டி முந்திரி நான்கு விழுந்தால் கொழுப்பு கூடும் என்பதைத் தவிர ஆபத்தில்லை. நெய்யில் பொரித்துப் போடுகிறீர்களே, அந்த உலர்திராட்சைதான் வில்லன். திராட்சை பச்சையோ உலர்ந்ததோ, நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இவ்வளவு தின்றால் ஆபத்து, இதற்குக் குறைந்தால் பரவாயில்லை என்று கோடு போட்டுச் சொல்லவும் முடியாது. ஒரு நாய் பத்துத் திராட்சை தின்றுவிட்டு வாலாட்டிக்கொண்டு திரியும், அதே எடையுள்ள இன்னொன்று அதைவிடக் குறைவாகத் தின்று இரண்டாம் மூன்றாம் நாளில் சிறுநீர் நின்றுபோய்ப் படுத்துவிடும். திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலம்தான் இதற்குக் காரணமாக இருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் விலங்குகளுக்கான நச்சு ஆலோசனை மையத்து மருத்துவர்கள் 2021-இல் எழுதினார்கள். நம் ஊர் அடுப்படிக்கு இது முக்கியமான செய்தி. அதே அமிலம் திராட்சையைவிட அதிகமாக இருப்பது நம் புளியில். புளியைத் தின்று சிறுநீரகம் கெட்ட நாய்களைப் பற்றிய பதிவுகளும் அதன் பிறகு வந்திருக்கின்றன. ஆகவே புளிசாதம், புளிக்குழம்பு, ஜாடியிலிருந்து சிந்திய புளி உருண்டை எதுவும் செவலைக்கு வேண்டாம். குழம்பு விழுந்த தரையை ஒருமுறை நக்கிவிட்டதென்று பதறவும் வேண்டாம்.

சர்க்கரைப் பொங்கலில் இன்னும் இரண்டு சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன. சிலர் ஜாதிக்காய் தட்டிப் போடுவார்கள், சிலர் கோயில் பிரசாத வாசனைக்காகப் பச்சைக் கற்பூரம் ஒரு சிட்டிகை சேர்ப்பார்கள். நாயின் நரம்பு மண்டலத்துக்கு இரண்டும் ஆகாது. சிட்டிகை அளவு மொத்தப் பானையில் கலந்திருந்தால் ஒரு கவளத்தில் பெரிய கேடு வந்துவிடாது என்றாலும், கற்பூர டப்பாவே நாயின் வாய்க்கு எட்டினால் வலிப்பு வரும். அந்த டப்பா இருக்கும் இடம் பூஜை அறை. அதற்குப் பிறகு வருகிறேன்.

வடை, அப்பளம், நெய் எல்லாம் வேறு வகை ஆபத்து. இவற்றில் விஷம் எதுவும் இல்லை, கொழுப்புதான் பிரச்சினை. இதுவரை தெருவில் காய்ந்த சோறு தின்று பழகிய வயிற்றில் ஒரே நாளில் நான்கைந்து வடை இறங்கினால் கணையம் வீங்கிப்போகலாம். அதன் அடையாளத்தைச் சொல்லி வைக்கிறேன். நாய் முன்னங்கால்களைத் தரையோடு நீட்டி, மார்பைத் தாழ்த்தி, பின்புறத்தை மட்டும் தூக்கிக்கொண்டு நிற்கும். சற்று நேரம் அப்படியே நிற்கும், படுக்கும், மறுபடி எழுந்து அதே மாதிரி நிற்கும். வயிற்று வலி தாங்காமல் செய்வது அது. பண்டிகை வீட்டில் இதைப் பார்த்துப் பிள்ளைகள் கைதட்டி, "பாட்டி, செவலை சாமி கும்பிடுகிறது" என்பார்கள். நாய் விளையாட அழைக்கும்போதும் இதே மாதிரிதான் குனியும், ஆனால் அது ஒரு நொடிதான். உடனே துள்ளி ஓடிவிடும். நிலைத்து நின்றால், கூடவே வாந்தியும் இருந்தால், சாப்பாட்டை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

வெங்காயம், பூண்டு பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். பயம் நியாயமானதுதான், அளவு தெரிந்து பயப்படலாம். இவை நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். ஒரு கிலோ உடல் எடைக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் உள்ளே போனால் இரத்தத்தில் மாற்றம் தெரியத் தொடங்கும் என்பது கணக்கு. செவலைக்கு அது 180 கிராமிலிருந்து ஆரம்பம், அதாவது இரண்டு பெரிய வெங்காயம். பூண்டு இதைவிடக் கடுமை. சாம்பாரில் ஒரு நக்கு நக்கியதால் எந்த நாயும் சாகாது. ஆனால் தினமும் இரண்டு வேளை சாம்பார் சோறு போட்டு வளர்க்கிற வீடுகளில், காரணம் தெரியாமல் நாய் வெளிறிச் சோர்ந்து கிடப்பதைப் பார்க்கிறோம். வேகவைத்தாலும் பொடியாக்கினாலும் வெங்காயத்தின் குணம் மாறுவதில்லை.

பன்னீர்க் கரும்பு இனிப்பாக இருப்பதால் நாய் ஆசையாகக் கடிக்கும். நாம் சாற்றை உறிஞ்சிச் சக்கையைத் துப்புகிறோம், நாய்க்குத் துப்பத் தெரியாது. நார் பந்தாகச் சுருண்டு குடலை அடைத்தால் அறுவை சிகிச்சைதான் வழி. பதினைந்து பேர் துப்பிய சக்கை வீட்டு வாசலிலும் மாடியிலும் கிடக்கும் என்பதால், ஒரு மூடி போட்ட வாளியை வைத்து அதில்தான் துப்ப வேண்டும் என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். எச்சில் இலைகளும் அதே கட்டுப்பாட்டில் வரட்டும். கரிநாள் அன்று உங்கள் வீட்டில் புலால் இல்லை, பக்கத்து வீடுகளில் இருக்கும். வெந்த கோழி எலும்பு ஊசி ஊசியாகப் பிளக்கும். அன்று மாலை நடைக்கு அழைத்துப் போகும்போது கயிற்றைக் குட்டையாகப் பிடியுங்கள்.

தாம்பூலத் தட்டை யாரும் இந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை, நான் சேர்க்கிறேன். பாக்கில் உள்ள அரிகோலின் என்ற பொருளை ஒரு காலத்தில் நாய்களுக்கு நாடாப்புழு மருந்தாகவே கொடுத்தார்கள். குடலைப் பிழிந்து புழுவை வெளியேற்றும் வேகம் அதற்கு உண்டு. வேறு நல்ல மருந்துகள் வந்த பிறகு அதைக் கைவிட்டதற்குக் காரணமும் அந்த வேகம்தான். சீவல் பொட்டலமும் சுண்ணாம்பு டப்பாவும் தரையில் இருக்க வேண்டாம். உறவினர் கைப்பைகளில் சாக்லேட் இருக்கும், சர்க்கரை நோய்க்காரர்களிடம் சைலிட்டால் என்ற மாற்று இனிப்பு கலந்த சூயிங்கம் இருக்கும், இரண்டும் நாய்க்கு ஆகாது. வந்தவுடன் பைகளை வாங்கி அலமாரியில் வையுங்கள், மரியாதையாகவும் இருக்கும்.

மீறி எதையாவது தின்றுவிட்டால், நம் வீடுகளில் முதலில் செய்வது உப்புத் தண்ணீரைக் கரைத்து வாயில் ஊற்றுவது. அதைச் செய்யாதீர்கள். உப்பே அளவு மீறி நாயைக் கொல்லக்கூடும், நீர் நுரையீரலுக்குள்ளும் போகும். திராட்சை தின்று இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுவந்தால் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்துவிடலாம். என்ன தின்றது, எவ்வளவு, எப்போது என்ற மூன்றையும் சொல்லுங்கள். பண்டிகை நாட்களில் எந்த மருத்துவர் இருப்பார் என்று முன்கூட்டியே கேட்டுத் தொலைபேசி எண்ணை அடுப்படிச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். கைமீறினால் புதுச்சேரி குரும்பாப்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கேயும் விடுமுறை நேரத்தை முன்பே விசாரித்து வைப்பது நல்லது.

இப்படி எல்லாவற்றையும் தட்டிப் பறித்தால் பண்டிகையன்று அது என்னதான் தின்னும்? அதற்கென்று ஒரு பொங்கல் வையுங்கள். அதற்குப் பெரிய வேலை ஒன்றும் இல்லை. உங்கள் அடுப்படியில் எப்படியும் பச்சரிசியும் பாசிப்பருப்பும் களைந்து இருக்கும், பொங்கல் குழம்புக்குப் பரங்கிக்காயும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் நறுக்கி இருக்கும். வெல்லமும் புளியும் உப்பும் சேருவதற்கு முன்னால் ஒரு சின்னப் பாத்திரத்தில் அரிசி ஒரு பங்கு, பருப்பு ஒரு பங்கு, கைப்பிடி பரங்கித் துண்டுகள், ஒரு துண்டு கிழங்கு எடுத்துக் குழைய வேகவிடுங்கள். விரலால் நசுக்கினால் பருப்பு மாவாக வேண்டும். அரைகுறையாக வெந்த பருப்பு வயிற்றில் காற்றைக் கூட்டும், பிறகு அந்தக் கூடத்தில் பதினைந்து பேரும் உட்கார முடியாது. ஆறியதும் இரண்டு கரண்டி தயிர் விட்டு, ஒரு தேங்காய்ச் சில்லைத் துருவிப் போட்டால் செவலை தட்டைச் சுவர் வரைக்கும் தள்ளிக்கொண்டு போய் நக்கும். மணம் வேண்டுமென்றால் ஒரு சொட்டு நெய், கரண்டி நெய் அல்ல.

இங்கேதான் அத்தையின் ஆசாரமும் உங்களுக்கு உதவும். சாமிக்குப் படைக்கும் முன் யாரும் வாய் வைக்கக் கூடாது என்பார். சரி. நாய்க்குத் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, தனி இடம் என்று வைத்துவிட்டால் எச்சில் என்ற பேச்சே எழாது. வேளையை அவரே சொல்லட்டும். காலைப் பூஜை முடிந்து, காக்கைக்குச் சோறு வைத்து, அதன் பிறகு, வீட்டார் இலையில் உட்காரும் முன்பு செவலைக்குத் தட்டு. வயிறு நிறைந்த நாய் பந்திக்கு வந்து முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காது. நிற்காவிட்டால் பெரியப்பாவின் வடையும் கீழே விழாது. பொங்கல் நாளில் நல்ல நேரம் பார்த்துப் பானை வைப்பதால் படையல் தள்ளிப்போகும் என்றால், விடியற்காலையிலேயே வழக்கமான இடத்தில் வழக்கமான சாப்பாட்டைக் கொடுத்துவிடுங்கள். நாய்க்குப் பண்டிகை தெரியாது, வேளை தெரியும்.

அடுத்து பூஜை அறை. பைரவருக்கு நாய் வாகனம், தருமர் நாயை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்கு வர மறுத்தார் என்றெல்லாம் உங்களுக்கு ஆதரவாகப் பலர் கதை சொல்வார்கள். கதைகள் சரிதான். ஆனால் அவற்றை எடுத்து அத்தையோடு வாதாட வேண்டாம் என்பது என் யோசனை. அறுபது எழுபது வருடம் ஒரு நியமத்தில் இருந்தவரை வாதத்தில் வென்று நீங்கள் பெறப்போவது ஒன்றுமில்லை. வடலூரில் வள்ளலார் 1867-இல் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றுவரை அணையாமல் சோறு வேகவைக்கிறது. பசித்த உயிருக்குச் சோறு போடுவதுதான் வழிபாடு என்று அந்த அடுப்பை மூட்டியவர் சொன்னதை அத்தைக்கு நீங்களோ நானோ எடுத்துச் சொல்லத் தேவையில்லை. மதியம் தயிர்ச்சோறு பிசைகிற கை அது. அவர் கேட்பது எல்லை ஒன்றுதான். நாய்க்கும் அதுவே வேண்டும். இன்று உள்ளே விட்டு, நாளை துரத்தி, மறுநாள் கொஞ்சுகிற வீட்டில்தான் நாய் குழம்பும். எந்த நாளும் இந்தப் படியைத் தாண்டக் கூடாது என்று எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொண்டால் இரண்டு மூன்று வாரத்தில் அதுவே பழகிக்கொள்ளும்.

சொல்லப்போனால் பூஜை அறையை நாயிடமிருந்து காப்பாற்றுவதைவிட நாயைப் பூஜை அறையிலிருந்து காப்பாற்றுவதுதான் என் தொழில். கற்பூரம் சொன்னேன். எரிகிற குத்துவிளக்கு வாலின் உயரத்தில் இருக்கிறது. சாம்பிராணிப் புகை மூடிய அறையில் நாயின் மூக்குக்கும் தொண்டைக்கும் ஆகாது. எல்லாவற்றிலும் மோசமானது அரளிப்பூ. நம் பக்கத்தில் சாமி படங்களுக்கு அரளிச் சரம் போடாத வீடு அபூர்வம். அந்தச் செடியின் இலை, பூ, தண்டு எல்லாமே இதயத் துடிப்பைத் தடுமாற வைக்கும் நஞ்சு. மறுநாள் கழற்றிய வாடிய மாலையைக் கூடை ஓரத்தில் போடுவோம், விளையாட்டுக் குணமுள்ள ஒரு வயது நாய் அதை இழுத்துக் கடிக்கும். கழற்றிய பூவை மூடியுள்ள டப்பாவில் போடுங்கள், அல்லது செவலை இருக்கும் வரையில் மல்லியும் சாமந்தியும் போதும் என்று அத்தையிடம் கேட்டுப் பாருங்கள். "நாய்க்கு விஷம்" என்று சொன்னால் அவரே ஒப்புக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

எல்லையைப் பழக்க ஒரு வழி. பூஜை அறைப் படியிலிருந்து நாலைந்து அடி தள்ளி ஒரு கோணிச்சாக்கை மடித்துப் போடுங்கள். அத்தை பூஜை மணியை எடுக்கும் வேளையில் நீங்கள் செவலையைச் சாக்குக்கு அழைத்து, அது படுத்ததும் ஒரு வெந்த கேரட் துண்டோ பொட்டுக்கடலையோ கொடுங்கள். மணி அடித்து முடிகிற வரைக்கும் இடையிடையே ஒன்று. ஆரம்பத்தில் மணியின் நாக்கில் துணியைச் சுற்றி ஓசையைக் குறையுங்கள், அடிபட்ட நாய் என்பதால் திடீர்ச் சத்தம் அதை ஓட வைக்கும். பழகப் பழகத் துணியை எடுத்துவிடலாம். கொஞ்ச நாளில் மணி ஓசை கேட்டவுடன் அதுவே போய்ச் சாக்கில் படுத்துக்கொள்ளும். எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும் என்பது மட்டும் முக்கியம். நீங்கள் "இரு" என்றும், உங்கள் கணவர் "உட்கார்" என்றும், பிள்ளைகள் வேறெதுவோ சொல்லியும் கத்தினால் அது யாருக்கும் அடங்காது. அந்தச் சொல்லை அத்தையே தேர்ந்தெடுக்கட்டும்.

பெண் நாய் என்பதால் இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஒரு வயதில் அது பருவத்துக்கு வரும், அல்லது ஏற்கெனவே வந்திருக்கும். சுமார் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு மூன்று வாரம், தரையில் இரத்தத் துளிகள் இருக்கும், வாசலில் தெருவின் ஆண் நாய்கள் அத்தனையும் காவல் இருக்கும். உங்கள் வீட்டில் தீட்டுப் பேச்சு உண்மையிலேயே வெடிக்கப்போவது அன்றைக்குத்தான். அடிபட்ட காயம் முழுதாக ஆறியதும் கருத்தடை அறுவை செய்துவிடுங்கள். கருப்பையில் சீழ் வைக்கும் ஆபத்தும் அதோடு நீங்கும்.

சைவச் சாப்பாடு போதுமா என்றால், போதுமானதாக ஆக்க முடியும், தயிர்ச்சோறு மட்டும் போதாது. நாய் பூனையைப் போல் மாமிசம் மட்டுமே உண்டு வாழ வேண்டிய பிராணி அல்ல. மனிதனோடு சேர்ந்து வாழ்ந்ததில் மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுவின் நகல்கள் ஓநாயைவிட நாயிடம் பெருகியிருப்பதை 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. 12 கிலோ நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 700 கலோரியும் 30 கிராம் புரதமும் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 400 கிராம் வெந்த சோறும் 200 கிராம் தயிரும் கலோரியை ஏறக்குறைய எட்டிவிடும், புரதம் 17 கிராமில் நின்றுவிடும். வயிறு நிறையும், தசை கரையும். அதே சோற்றை 250 கிராமாகக் குறைத்து, 50 கிராம் பாசிப்பருப்பு, 20 கிராம் சோயா உருண்டை, 100 கிராம் தயிர் என்று மாற்றினால் புரதம் 30 கிராமைத் தொடும். கலோரிக் குறையைச் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் ஒரு கரண்டி எண்ணெயும் சரிக்கட்டும். கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து உண்டு, வாரத்தில் சில நாள் சோற்றுக்குப் பதில் கூழாகக் கொடுக்கலாம். ஆனால் வைட்டமின் பி12, டி, துத்தநாகம் போன்றவை இந்தச் சாப்பாட்டில் போதிய அளவு கிடைக்காது. அவற்றுக்கு மருத்துவர் எழுதிக் கொடுக்கும் சத்து மருந்து கட்டாயம். இவ்வளவு கணக்குப் பார்க்க நேரமில்லை என்றால், அட்டையில் முழுமையான உணவு என்று போட்டிருக்கும் சைவ நாய்த் தீனி கடைகளில் கிடைக்கிறது, பாதி அது, பாதி வீட்டுச் சாப்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். முட்டை கொடுத்தால் வேலை சுலபம்தான். அத்தைக்குத் தெரியாமல் வாசலில் வைத்துக் கொடுக்கலாமா என்று நீங்கள் நினைத்தால், வேண்டாம். முட்டை இல்லாமலும் நாய் வளரும். அவருக்குத் தெரியவந்தால் நாயின் மேல்தான் கோபம் திரும்பும்.

சத்தம், கூட்டம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். புதிதாக வந்த நாய் மூன்று நாள் ஒடுங்கி இருக்கும், மூன்று வாரத்தில் வீட்டு ஒழுங்கைக் கற்கும், மூன்று மாதத்தில்தான் தன் வீடு என்று நம்பும் என்பது நாய் வளர்ப்பவர்களிடையே வழங்கும் கணக்கு. மார்கழி முதல் வாரத்தில் வந்த செவலைக்குப் பொங்கல் நாலாவது வாரத்தில் வருகிறது. போகி விடியலில் பிள்ளைகள் மேளம் தட்டுவதும், டயரும் பிளாஸ்டிக்கும் எரிகிற புகையும் சேர்ந்து தெருவே அதிரும். அதற்கு முந்தின இரவே உள் அறை ஒன்றில் படுக்கை, தண்ணீர், ஓடுகிற மின்விசிறி, மெல்லிய வானொலி என்று ஏற்பாடு செய்து ஜன்னலை மூடுங்கள். பானை பொங்கும்போது தாம்பாளம் தட்டி "பொங்கலோ பொங்கல்" என்று கூவுவீர்கள், திறந்த அடுப்பும் பக்கத்தில் இருக்கும். அதற்கு ஐந்து நிமிடம் முன்னால் அதை அந்த அறையில் விட்டுவிடுங்கள். வெள்ளையடித்த சுண்ணாம்பும் கலர் கோலப்பொடியும் பாதத்தில் ஒட்டினால் நக்கும், ஈரத்துணியால் துடையுங்கள். மாட்டுப் பொங்கலன்று பிள்ளைகள் அதற்கும் பொட்டு வைக்க ஆசைப்படுவார்கள். நெற்றியில் கொஞ்சம் விபூதி போதும், குங்குமம் வேண்டாம். தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்குப் பெண்ணையாற்றங்கரைக்கும், காணும் பொங்கலன்று தேவனாம்பட்டினம் கடற்கரைக்கும் அழைத்துப் போகும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். ஆற்றுத் திருவிழாவில் விற்கும் சுருளிக்கிழங்கை நீங்கள் வாங்கி வந்து சாப்பிடுங்கள், செவலைக்குச் சர்க்கரைவள்ளி இருக்கிறது.

வெறிநாய்த் தடுப்பூசி இன்னும் போடவில்லை என்றால் இன்றே போடுங்கள். முழு எதிர்ப்புச் சக்தி வர ஏறக்குறைய 4 வாரம் ஆகும். உறவினர் பிள்ளைகளிடம் ஒரே ஒரு விதி சொல்லுங்கள்: நாய் உங்களிடம் வரலாம், நீங்கள் நாயிடம் போகக் கூடாது. அது தின்னும்போதும் தூங்கும்போதும் கிட்டே போகவே கூடாது. பல்லோ நகமோ பட்டுவிட்டால், வளர்ப்பு நாய்தானே என்று மஞ்சளை அப்பி விட்டுவிடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். தோலில் போடும் ஊசி 0 (முதல் ஊசி போடும் நாள்), 3, 7, 28 என்ற நாட்களில்.

கடைசியாகத் தைப்பூசம். வடலூருக்கு அழைத்துப் போவதை நினைக்கவே வேண்டாம். ஏழு திரை நீக்கி ஜோதி காட்டும் நாளில் அந்தக் கூட்டத்தில் கைக்குழந்தையைப் பிடித்துக்கொள்வதே கஷ்டம். போய்வர முழு நாள் ஆகும் என்பதால் யாராவது ஒருவர் வீட்டில் இருப்பது உத்தமம். முடியாவிட்டால், செவலைக்கு ஏற்கெனவே முகம் தெரிந்த பக்கத்து வீட்டார் ஒருவர் மதியமும் மாலையும் வந்து சோறு வைத்து வெளியே விட்டுக் கட்ட வேண்டும். பொங்கல் முடிந்த மறுநாளிலிருந்தே அதற்குப் பழக்குங்கள். முதலில் பத்து நிமிடம், பிறகு ஒரு மணி நேரம், பிறகு அரை நாள் தனியாக விட்டுப் பாருங்கள். கிளம்பும்போது கட்டிப்பிடித்து விடைபெற வேண்டாம், சும்மா கதவைச் சாத்திக்கொண்டு போங்கள். விளக்கை எரியவிட்டுப் போகும் வழக்கம் இருந்தால் அன்றைக்கு மட்டும் அத்தை மலையேற்றிவிட்டு வரட்டும், பூஜை அறைக் கதவும் தாழிட்டிருக்கட்டும். திரும்பி வரும்போது தருமச்சாலைச் சோற்றில் கொஞ்சம் செவலைக்கென்று அவர் பொட்டலம் கட்டி எடுத்து வரக்கூடும். வெறும் சோறாக இருந்தால் ஒரு கைப்பிடி தாராளமாகக் கொடுக்கலாம். சாம்பார் கலந்திருந்தால் அதை நீங்கள் சாப்பிட்டுவிடுங்கள்.